தசம அளவுகளை உத்தேசிக்கவும் ஒப்பிடவும் குழந்தைகளுக்குச் சொல்லித்தருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"0.4 மீட்டர் பெரிதா, 0.35 மீட்டர் பெரிதா?" என்று கேட்டதும் ஒரு குழந்தை 0.35 என்று சொன்னால், நாம் உடனே எடுத்துவிடும் மருந்து ஒன்று உண்டு: "4-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் போடு, 40-ஆ 35-ஆ, இப்போது பார்." பதில் சரியாகிவிடும். ஆனால் அதே குழந்தையிடம் கைகளை விரித்து 0.4 மீட்டர் எவ்வளவு என்று காட்டச் சொல்லிப் பாருங்கள். சிலர் விரல் இடைவெளியைக் காட்டுவார்கள், சிலர் இரண்டு கையையும் முழுக்க நீட்டுவார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை வேறு. முதலில் உத்தேசம், அப்புறம் அளப்பது, அப்புறம் எழுதுவது, ஒப்பிடும் விதி எல்லாவற்றுக்கும் கடைசியில். ஒரு நீளத்தைக் கண்ணால் உத்தேசிக்கும்போது முழு மீட்டர் எத்தனை, மிச்சத்தில் பத்தில் ஒன்றுகள் எத்தனை, அதற்கும் மேல் கொசுறு எவ்வளவு என்று மனம் இறங்கிக்கொண்டே போகிறது. இரண்டு தசம எண்களை ஒப்பிடும்போதும் செய்ய வேண்டியது அச்சு அசலாக அதே வேலைதான். முதலாவதில் கை தேறிவிட்டால் இரண்டாவதற்குப் பெரிதாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

தொடங்கும் முன்

9 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு இது பொருந்தும். வயதைவிட முக்கியம், பத்து சம பாகங்களில் ஒன்று என்றால் என்ன என்று தெரிந்திருப்பது. அது தெரியாத குழந்தையிடம் புள்ளி வைத்த எண்ணை நீட்டாதீர்கள்.

வேண்டிய பொருட்கள்: 3 அல்லது 5 மீட்டர் டேப், 30 செ.மீ. ஸ்கேல், கொஞ்சம் ஏ4 தாள், டிஜிட்டல் தராசு, ஒரு லிட்டர் அளவுக் குவளை, ஒரு பேனா. பென்சில் வேண்டாம், ஏன் என்று இரண்டாம் படியில் வரும்.

டேப்பை முதலில் நீங்கள் ஒருமுறை பாருங்கள். அங்குலமும் செ.மீ.யும் சேர்ந்திருந்தால் அங்குலப் பக்கத்தைக் காகிதப் பட்டை ஒட்டி மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி நேரம் தவறான கோட்டைப் படிப்பதில் போய்விடும். பல ஸ்கேல்களில் 0 விளிம்பிலிருந்து தொடங்காது, கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும். அதையும் காட்டிவிடுங்கள். இரும்பு டேப்பின் நுனியில் உள்ள கொக்கி லேசாக ஆடும், "உடைஞ்சு போச்சு" என்று ஒரு குழந்தையாவது சொல்லும். உடையவில்லை. மாட்டி இழுத்து அளந்தாலும் சுவரில் முட்டி அளந்தாலும் கொக்கியின் தடிமன் கணக்கைக் கெடுக்காதபடி அது ஆடுவதற்காகவே செய்யப்பட்டது.

1. கைவசம் சில நிலையான அளவுகள்

ஒப்பிட்டுப் பார்க்க ஏதும் இல்லாமல் உத்தேசம் கேட்டால் குழந்தை வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். அதனால் எப்போதும் கையருகே இருக்கும் நாலைந்து பொருட்களின் அளவை முதலில் மனதில் ஏற்றுங்கள்.

குழந்தையின் சொந்தச் சாண் முதலாவது. அளந்து, மீட்டரில் எழுதச் சொல்லுங்கள்: 0.15, 0.16 என்று ஏதோ ஒன்று வரும். கை வளரும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும், அதுவே ஒரு நல்ல தசமப் பயிற்சி. அடுத்தது 30 செ.மீ. ஸ்கேல், அதாவது 0.3 மீட்டர். ஏ4 தாளின் நீண்ட பக்கம் 29.7 செ.மீ., குறுகிய பக்கம் 21 செ.மீ. வங்கி அட்டையின் நீளம் 8.56 செ.மீ., தடிமன் 0.76 மி.மீ. சாதாரண வாசல் கதவு சுமார் 2 மீட்டர், ஆனால் உங்கள் கதவை அளந்தே சொல்லுங்கள்.

இதற்கு மேல் வேண்டாம். இருபது பொருட்களின் பட்டியலைக் கொடுத்து ஒப்பிக்க வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், கேட்டால் ஒன்றும் நினைவில் இருக்காது.

2. எண்ணைக் கேட்காதீர்கள், எல்லையைக் கேளுங்கள்

"இந்த மேசை எத்தனை மீட்டர் உயரம் இருக்கும்?" என்று நேரடியாகக் கேட்பதில்தான் புதிதாகச் சொல்லித்தருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். குழந்தை "மூணு" என்று ஏதாவது சொல்லும், நீங்கள் "இல்லை" என்பீர்கள், அடுத்த தடவை அது வாயே திறக்காது.

கேள்வியை இப்படி இறக்குங்கள்:

"ஒரு மீட்டருக்கு மேலா, கீழா?"
"கீழ."
"அரை மீட்டருக்கு மேலா, கீழா?"
"மேல."
"அப்போ 0.5-க்கும் 1-க்கும் நடுவில். 0.5 பக்கம் ஒட்டியிருக்கா, 1 பக்கம் ஒட்டியிருக்கா?"
"நடுவுல... ஏழு, எட்டு?"
"0.7-க்கும் 0.8-க்கும் இடையில்னு எழுதிக்கோ."

அளந்தால் 0.74. குழந்தை சொன்ன எல்லைக்குள் விழுந்துவிட்டது. இந்தச் சின்னப் பேச்சில் முழு எண், பாதி, பத்தில் ஒன்று என்று மூன்று கட்டம் இறங்கியாயிற்று, தசமம் என்ற சொல்லையே நாம் உச்சரிக்கவில்லை.

நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: பொருள், உத்தேசம், அளந்தது, வித்தியாசம். உத்தேசத்தைப் பேனாவில் எழுத வேண்டும். பென்சில் கொடுத்தால் அளந்த பிறகு உத்தேசத்தை அழித்து, அளவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், எல்லாக் குழந்தைகளும் செய்யும் வேலை இது. "யார் மிகச் சரியாகச் சொல்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு" என்று அறிவித்தாலும் இதேதான் நடக்கும், ஒளித்துவைத்து முன்கூட்டியே அளப்பார்கள். எல்லைக்குள் விழுந்தால் ஒரு புள்ளி, விழாவிட்டால் இல்லை, அவ்வளவு போதும். "0-க்கும் 100-க்கும் நடுவில்" என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை சொல்லும். அதற்கும் தயாராக இருங்கள்: எல்லையின் அகலம் 0.2 மீட்டரைத் தாண்டக்கூடாது என்று விதி வையுங்கள்.

வித்தியாசப் பத்தியைப் பார்த்து எது நல்ல உத்தேசம் என்று பேசுங்கள். 0.3 மீட்டர் பிசகு ஒரு மேசைக்குப் பெரிய பிசகு, 10 மீட்டர் நீளமுள்ள கூடத்துக்கு ஒன்றுமே இல்லை. இதைக் குழந்தைகளே சொல்வார்கள், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

3. பத்தாகப் பிரித்த ஒரு மீட்டர் பட்டை

டேப் இருக்கும்போது காகிதப் பட்டை எதற்கு என்று தோன்றும். டேப்பில் 35 என்ற எண் அச்சிட்டிருக்கிறது, குழந்தை அதைப் படித்து "முப்பத்தஞ்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விடும், ஒரு மீட்டரின் பகுதி அது என்பது மனதில் பதியாது. பட்டையில் எண்ணே இல்லை, பாகங்கள் மட்டும்தான்.

ஏ4 தாளை நீளவாக்கில் 3 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, நான்கை ஒட்டி, சரியாக 100 செ.மீ.யில் நறுக்குங்கள். மூன்று போதாது, 29.7 மூன்று சேர்ந்தால் 90-ஐக்கூடத் தொடாது. (இதையே ஒரு உத்தேசக் கேள்வியாகக் கேட்கலாம்.) பட்டையைப் பத்தாக மடிக்க முயலாதீர்கள். பாதியாக மடிப்பது சுலபம், அந்தப் பாதியை ஐந்தாக மடிப்பது பெரியவர்களுக்கே வராது. ஸ்கேலை வைத்து 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, ஒன்றுவிட்டு ஒன்றுக்கு வண்ணம் தீட்டுங்கள்.

இப்போது எல்லாவற்றையும் இந்தப் பட்டையால் அளக்கட்டும். நாற்காலி "நாலு பாகமும் கொஞ்சமும்" என்று வரும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று குழந்தையே கேட்கும்வரை காத்திருங்கள். கேட்ட பிறகு ஒரே ஒரு பாகத்தை மட்டும் பத்துக் கோடுகளாகப் பிரித்துக் காட்டுங்கள்: பத்தில் ஒன்றின் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று. எல்லாப் பாகங்களையும் பிரிக்க வேண்டாம், நூறு கோடு வந்துவிட்டால் அது மறுபடியும் டேப்தான்.

4. எழுதுவதும் வாசிப்பதும்

பட்டையில் பார்த்ததை அப்படியே இடங்களில் எழுதுங்கள். முழு மீட்டர் 1, பாகங்கள் 4, கோடுகள் 6 என்றால் 1.46. பாகம் ஒன்றும் இல்லாமல் ஆறு கோடு மட்டும் மிஞ்சினால் 1.06. அந்த நடுப் பூஜ்யம்தான் அதிகம் தொலைந்துபோகும் எழுத்து. "1 மீட்டர் 6 செ.மீ." என்று சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் 1.6 என்று எழுதுவார்கள். அப்போது திருத்தாதீர்கள். பட்டையைக் கொடுத்து அவர்கள் எழுதிய 1.6-ஐத் தரையில் குறிக்கச் சொல்லுங்கள். அரை மீட்டருக்கும் மேல் தள்ளி விழும்போது முகம் மாறும்.

வாசிக்கும்போது ஒரு கண்டிப்பு வேண்டும். 2.15-ஐ "இரண்டு புள்ளி பதினைந்து" என்று வாசிக்க விடாதீர்கள். "ரெண்டு புள்ளி ஒண்ணு அஞ்சு" என்றே சொல்லட்டும். பதினைந்து என்று காதில் விழுந்தால் 2.7-ஐவிட அது பெரிது என்றே மனம் எடுத்துக்கொள்ளும், புள்ளிக்கு அந்தப் பக்கம் இன்னொரு முழு எண் உட்கார்ந்திருப்பதாக நினைக்கும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. பெரியவர்கள் நாமே இப்படித்தான் சொல்கிறோம் என்பதால் முதலில் நம் வாயைத் திருத்த வேண்டும், கொஞ்ச நாள் பிடிக்கும்.

5. ஒப்பிடுவது: முதலில் பட்டை, அப்புறம் மனம், கடைசியில் விதி

இரண்டு அளவுகளைக் கொடுங்கள், 0.4 மற்றும் 0.35. கணக்குப் போடச் சொல்லாமல் பட்டையில் இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். நாலு பாகம் ஒரு பக்கம், மூன்று பாகமும் ஐந்து கோடும் இன்னொரு பக்கம். மூன்று பாகத்துக்கு மேல் எத்தனை கோடு சேர்த்தாலும், ஒன்பது கோடு வரை, நாலாவது பாகம் நிறையாது. இதைக் குழந்தை தன் வாயால் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் பயனில்லை.

அப்புறம் பட்டையை எடுத்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு செய்யட்டும். முழு மீட்டர் எதில் அதிகம்? சமம் என்றால் பாகம் எதில் அதிகம்? அதுவும் சமம் என்றால் கோடு. வேறுபாடு வந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம், அதற்குப் பின்னால் எத்தனை இலக்கம் இருந்தாலும் கவலையில்லை. 1.4-ஐயும் 1.237-ஐயும் ஒப்பிட 4-ஐயும் 2-ஐயும் பார்த்தால் முடிந்தது.

பூஜ்யம் சேர்த்து நீளத்தைச் சமமாக்கும் விதியை இதற்கெல்லாம் பிறகு தாராளமாகச் சொல்லுங்கள். 0.4-ம் 0.40-ம் ஏன் ஒன்று என்பது பட்டையைப் பார்த்த குழந்தைக்கு வெளிச்சம், நாலு பாகத்தில் நாற்பது கோடு இருக்கிறது. முன்னாலேயே சொன்னால் அது வெறும் தந்திரம், "புள்ளியை எடுத்துவிட்டுப் பார்" என்று சுருங்கி, 0.4-ஐ 4 ஆகவும் 0.35-ஐ 35 ஆகவும் பார்க்கும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும்.

6. எந்த ஜோடிகளைக் கொடுப்பது

இது எல்லோரும் அவசரமாகத் தாண்டிப்போகும் படி, நான் அதிக நேரம் செலவிடச் சொல்வதும் இதில்தான். 0.35, 0.48 என்று இலக்க எண்ணிக்கை சமமான ஜோடிகளைக் கொடுத்தால் எல்லாக் குழந்தைகளும் சரியாகச் சொல்வார்கள், ஒன்றும் புரியாதவர்களும்தான். 35, 48 என்று பார்த்தாலே பதில் வந்துவிடுமே. அதனால் ஒவ்வொரு ஜோடியும் ஏதோ ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணத்தைப் பிடிக்கும்படி இருக்க வேண்டும்.

0.4 மற்றும் 0.35: நீளமான எண்தான் பெரிது என்று நினைக்கும் குழந்தை இதில் மாட்டும்.

0.4 மற்றும் 0.63: இதற்கு நேர்மாறான கூட்டத்துக்கு. பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரியது என்பதைக் கற்றுக்கொண்டு, அதனால் ஒற்றை இலக்கம் உள்ளதே எப்போதும் பெரிது என்று முடிவு கட்டியவர்கள் 0.4 என்பார்கள். முதல் ஜோடியில் இவர்கள் சரியாகச் சொல்லிவிட்டதால் நாம் புரிந்துவிட்டது என்று ஏமாந்திருப்போம். இரண்டு ஜோடிகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டியது இதற்காகத்தான்.

0.07 மற்றும் 0.5: நடுப் பூஜ்யத்தைக் கண்டுகொள்ளாதவர்கள் 7 பெரிது என்பார்கள்.

0 மற்றும் 0.6: விளையாட்டுபோலத் தெரியும். ஆனால் "0 புள்ளி" என்று தொடங்கினாலே பூஜ்யத்துக்கும் கீழே என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு, இந்த ஜோடி இல்லாமல் அது வெளியே வராது.

1.23 மற்றும் 1.237: இரண்டு இலக்கத்துக்கு மேல் எதையும் பார்க்காதவர்கள் சமம் என்பார்கள்.

2.6 மற்றும் 2.60: உண்மையிலேயே சமமான ஒன்றையும் நடுவில் போட்டு வையுங்கள், ஏதாவது ஒன்று பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை உடைக்க. கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம், எண்ணாக இரண்டும் ஒன்று என்றாலும், 2.60 மீட்டர் என்று எழுதியவர் செ.மீ. வரை அளந்திருக்கிறார் என்ற தகவலையும் சொல்லலாம்.

ஒவ்வொரு பதிலுக்கும் "ஏன்?" என்று கேளுங்கள், சரியான பதிலுக்கும்தான். தப்பான காரணத்தோடு வரும் சரியான பதில்தான் பின்னால் அதிகம் தொல்லை தரும்.

7. அலகு மாறும்போது

0.9 மீட்டரா, 85 செ.மீ.யா? எண்ணை மட்டும் பார்த்து 85 என்று சொல்வது இயல்பு. கணக்கில் இறங்கும் முன் இரண்டையும் கையால் காட்டச் சொல்லுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் ஒரே அலகுக்கு மாற்றட்டும், எந்த அலகு என்பது அவர்கள் இஷ்டம்.

இங்கே ஒரு எச்சரிக்கை: "பத்தால் பெருக்கினால் பின்னால் ஒரு பூஜ்யம்" என்று முழு எண்ணில் படித்ததை இங்கேயும் கொண்டுவந்து 2.5-ஐப் பத்தால் பெருக்கி 2.50 என்று எழுதுவார்கள். பெருக்கிய பிறகும் அதே அளவுதானா என்று பட்டையைக் காட்டிக் கேட்டால் போதும்.

8. முழுமையாக்கி உத்தேசிப்பது

3.87 மீட்டரும் 2.14 மீட்டரும் சேர்ந்தால் சுமார் எவ்வளவு? 4-ம் 2-ம், 6. சரியான விடை 6.01. இது சுலபமாக வரும். வழுக்கும் இடங்கள் இரண்டு.

ஒன்று, 2.46-ஐ முதலில் 2.5 ஆக்கி, அந்த 2.5-ஐ 3 ஆக்குவது. டேப்பை விரித்து 2.46-ஐத் தொடச் சொல்லுங்கள், 2.5-க்கு இந்தப் பக்கம் இருக்கிறது, எனவே 2-க்குத்தான் பக்கம். முழுமையாக்குவது எப்போதும் மூல அளவிலிருந்து ஒரே தாவலில்.

இரண்டு, முழுமையாக்கிவிட்டு ஒப்பிடுவது. 1.48-ம் 1.52-ம் முழு எண்ணுக்குப் போனால் 1, 2 என்று ஆகி ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு என்று தோன்றும், உண்மையில் 4 செ.மீ.தான் வித்தியாசம். ஒப்பிடும்போது முழுமையாக்காதே என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பது வேலையைப் பொறுத்தது. 0.86 மீட்டர் அகல அலமாரி ஒரு இடுக்கில் நுழையுமா என்று பார்க்க, அலமாரியை மேல்பக்கமும் இடுக்கைக் கீழ்பக்கமும் முழுமையாக்க வேண்டும். அலமாரி 0.9 ஆகும், இடுக்கு 0.94 மீட்டர் என்றால் அதுவும் 0.9 ஆகும், அப்படியும் நுழைகிறது என்றால் கண்டிப்பாக நுழையும். பாடப்புத்தக விதியைவிடக் குழந்தைகள் இதை வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

9. எடை, கொள்ளளவு, கடைசியாக நேரம்

நீளம் நன்றாகப் பிடிபட்ட பிறகே மற்றவை. நீளத்தைக் கண்ணால் பார்க்கலாம், எடையைப் பார்க்க முடியாது.

எடைக்கு ஏ4 தாளே நல்ல அலகு. 80 கிராம் வகைத் தாள் என்றால் ஒரு சதுர மீட்டர் 80 கிராம் என்று பொருள், ஒரு சதுர மீட்டரில் 16 ஏ4 தாள்கள், ஆக ஒரு தாள் 5 கிராம். 20 தாள் 0.1 கிலோ, 200 தாள் 1 கிலோ, பிரிக்காத 500 தாள் கட்டு 2.5 கிலோ. "0.35 கிலோவுக்குத் தாளை எடுத்து வா" என்று சொல்லிவிட்டுத் தராசில் வைத்துப் பாருங்கள், 70 தாளை எண்ணிக்கொண்டு வரும் குழந்தைக்கு இலக்கம் ஒவ்வொன்றும் கையில் கனக்கும். 0.350 என்று தராசு காட்டும்போது கடைசிப் பூஜ்யம் பற்றியும் பேசலாம்.

கொள்ளளவில் பாத்திரத்தின் வடிவம் ஏமாற்றும். ஒரே 0.25 லிட்டரை ஒல்லியான குவளையிலும் அகலமான கிண்ணத்திலும் ஊற்றிக் காட்டிய பிறகு உத்தேசம் கேளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு கிலோ என்பதால் தராசிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம், பாத்திரத்தின் எடையைக் கழிக்க மறக்காமல்.

நேரத்தைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், மணி பத்தாகப் பிரிவதில்லை. 1.5 மணி நேரம் என்பது 1 மணி 30 நிமிடம், 1 மணி 50 நிமிடம் அல்ல. கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்று எழுதுவதும் தசமம் கிடையாது, 4 ஓவரும் 3 பந்தும், அதாவது நாலரை ஓவர். கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகளிடம் இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 4.6 ஏன் வருவதில்லை என்று குழம்புவார்கள்.

10. சாதனைகளை வைத்து ஒரு கடைசிச் சுற்று

நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 1968-இல் தாண்டியது 8.90 மீட்டர், மைக் பவல் 1991-இல் தாண்டியது 8.95. பீமனின் தூரத்தை 8.9 என்று எழுதிக் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். வித்தியாசம் 0.05 மீட்டர், அதைத் தரையில் குறிக்கச் சொன்னால் சிலர் அரை மீட்டரைக் காட்டுவார்கள். அவர்களுக்கு நடுப் பூஜ்யம் இன்னும் பிடிபடவில்லை, நாலாம் படிக்குத் திரும்புங்கள்.

அடுத்து 100 மீட்டர் ஓட்டம். உசைன் போல்ட் 2008-இல் 9.69 விநாடி, 2009-இல் 9.58. இதில் "எது பெரிய எண்?" "எது சிறந்த ஓட்டம்?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டையும் கலந்து "எது அதிகம்?" என்று கேட்டுவிட்டு, வேகத்தை நினைத்து 9.58 என்று சொன்ன பிள்ளைக்குத் தப்பு போட்டுவிடக் கூடாது.